பதினான்கு வட்டத் தொப்பி

ஓட்டமாவடிப் பெண்கள் பன் புல்லில் பாய் இழைப்பார்கள், தலையணை உறை தைப்பார்கள், புருசன் இடுப்பில் கட்டும் சாரத்தின் இரண்டு கரையையும் சேர்த்துத் தைத்து மூட்டுவார்கள். கொக்கி ஊசி பிடித்து நூல் பின்னுகிறவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். றமீஸா அந்த ஒருவரிலும் இல்லை, இருவரிலும் இல்லை. அந்த ஊசியின் மேல் அவளுக்கு ஆசை இருந்ததுமில்லை. அவளை அதைப் பிடிக்க வைத்தது ஓர் ஆடு.

ஆட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தொப்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பதியுதீன் றமீஸாவைக் கலியாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டிதான் கொண்டுவந்தான். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை வந்து ஏறுகிறவன். அவனுடைய முதல் மனைவி றபீக்கா காய்ச்சலில் மவுத்தானாள். பிள்ளை குட்டி இல்லை. ஆகவே அவள் வீடு அவள் தங்கைக்குப் போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் இரண்டு வருடம் கருவாட்டுக் கடையின் பின்னறையில் படுத்தெழும்பினான். றமீஸாவோ இருபத்தெட்டு வயது வரை காத்திருந்தவள். சுவர் இடுப்பளவுக்கு எழும்பியபோது வாப்பா கண்ணை மூடிவிட்டார். வீடு எழும்பாமல் எந்த மாப்பிள்ளை வருவான்? உம்மா நெல் அவித்துக் குத்தி, கோழி வளர்த்து, கூரை ஏற்ற எட்டு வருடம் பிடித்தது. அந்தக் கூரையின் கீழ் வந்து சேர்ந்தவன்தான் பதியுதீன்.

நல்ல மனிதன். திங்கட்கிழமை விடியப் பொலன்னறுவை பஸ்ஸில் கருவாட்டுச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போவான், வியாழன் பின்னேரம் திரும்பி வருவான். வரும்போது றமீஸாவுக்கு இரண்டு தோடம்பழம் கட்டாயம் இருக்கும். குரல் உயர்த்தமாட்டான். கறியில் உப்புக் கூடினால் தண்ணீர் குடித்துக்கொள்வான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. அந்தத் தகரப் பெட்டிக்குள் ஒரு தொப்பி இருந்தது.

கொக்கி ஊசியால் பின்னிய தொப்பி. வெள்ளை என்று பெயர்தான், பழுத்துப் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. மற்ற நாட்களில் கடையில் வாங்கிய சாதாரணத் தொப்பி போடுகிறவன், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் இதை எடுப்பான். எடுத்ததும் போட்டுக்கொள்ள மாட்டான். இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, வலது பெருவிரலால் உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு சரிந்த கோட்டில் மெல்லத் தடவிக்கொண்டு வருவான். அந்தக் கோட்டில் சின்னச் சின்ன மொட்டுகள் இருந்தன. உதடு அசையும். ஏதோ ஓதுகிறான் என்றுதான் றமீஸா முதலில் நினைத்தாள். பிறகு ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தபோது தெரிந்தது, எண்ணுகிறான். பதினான்கு. எண்ணி முடித்துத் தலையில் வைப்பான். தொழுது வந்ததும் அவனே கழற்றி, அவனே பெட்டிக்குள் வைப்பான். கழுவுவதும் அவன்தான்.

"தாங்க மச்சான், நான் கழுவிப் போடுறன்" என்று கலியாணமான புதிதில் அவள் கை நீட்டினாள்.

"வேணாம் புள்ள. அது இரிக்கட்டும்" என்றான். அவ்வளவுதான். யார் பின்னியது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சொல்லித்தானா தெரியவேண்டும்?

எட்டு மாதமாகிவிட்டது. மவுத்தாகிப் போனவள் மேல் பொறாமைப்படுவது பாவம் என்று றமீஸாவுக்குத் தெரியும். ஆகவே அவள் தொப்பியின் மேல் பொறாமைப்பட்டாள். அதில் பாவம் இல்லை என்று அவளுக்கு அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். இந்த வீட்டுச் சட்டி பானை, பாய் தலையணை, வேலி படலை எல்லாம் அவளுடையவை. அவள் கை படாத ஒரே பொருள் அந்தத் தொப்பி. எவ்வளவு நுணுக்கமான கையாக இருந்திருக்கும் அந்த றபீக்காவின் கை! தன்னுடைய கையோ நெல் அவித்துக் காய்ந்த கை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைத் தூசு தட்டும் சாக்கில் திறந்தாள். தொப்பியின் உட்பக்கத்தில் வியர்வைக் கறை கோடாகப் படிந்திருந்தது. ஆண் கழுவிய கழுவல் அப்படித்தான் இருக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழையபடி வைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை அவன் எடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் அவனுக்குத் தெரியும். இந்த நினைப்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு வீம்பு என்று பிரித்துச் சொல்ல றமீஸாவால் முடியாது. என்னாலும் முடியாது.

சவர்க்காரம் போட்டுப் பதமாகக் கசக்கி, முற்றத்துக் கொடியில் காயப் போட்டாள். அடுப்பில் சோறு பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

இனி ஆடு. உம்மா ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று வளர்த்த கிடாய் அது. பெருநாள் வரைக்கும் தன்னை ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும், அப்படி ஒரு தைரியம். றமீஸா திரும்பி வந்தபோது கொடியில் தொப்பி இல்லை. கிடாய் வேலியோரம் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஒரு நூல் நீண்டு, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முருங்கை மரத்தில் மாட்டி, மண்ணில் கிடந்த தொப்பிக்குப் போயிருந்தது. ஆடு தலையை ஒரு இழு இழுக்க, தொப்பி ஒரு கிறுகு கிறுகி, இன்னும் கொஞ்சம் அவிழ்ந்தது.

"அல்லாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் உம்மா உலக்கையோடு ஓடிவந்தார்.

தொப்பியைப் பறித்தெடுத்தபோது விளிம்பைக் காணோம். விளிம்பு மட்டுமா? பெருவிரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். ஒன்பது மொட்டுத்தான் மிச்சம். மொட்டுக்கு ஒரு வட்டமாக ஐந்து வட்டம் ஆட்டோடு போயிற்று. ஒன்பதாவது வட்டத்தின் முடிவில் ஒரு நூல்வளையக் கண் திறந்தபடி நின்றது. ஒரு பொட்டு இழுத்தால் அதுவும் போய்விடும். கண்ணுக்குள் ஓர் ஈர்க்குத் துண்டைக் குத்தி வைத்துவிட்டு றமீஸா முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு தொப்பிக்கா இப்பிடி அழுற? கடையில வேற வாங்கலாம்கா" என்றார் உம்மா.

"இத வாங்க ஏலாது உம்மா."

உம்மாவுக்கு விளங்கியது. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எண்டா பீற்றிஸிட்டப் போ" என்றார்.

பீற்றிஸ் மட்டக்களப்பு டவுன்காரி, வேதக்காரப் பெண். புருசன் நோபேட்டுக்குக் கடதாசி ஆலையில் வேலை கிடைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழைச்சேனையில் குடியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் முட்டை வாங்க றமீஸா வீட்டுக்கு வருவாள், முட்டையை மறந்து இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போவாள். கதைக்கும்போதும் கை சும்மா இராது. மாதா கோயில் பீடத்து விரிப்பின் ஓரத்துக்குக் கொக்கி ஊசியால் றேந்தை பின்னிக்கொண்டேயிருக்கும். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. யார் மூத்தவள் என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு.

தெருவும் தண்டவாளமும் ஒன்றான அந்தப் பாலத்தில் றெயில் போகும் வரைக்கும் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தது. அந்த நேரம் முழுவதும் றமீஸா தொப்பியை முந்தானைக்குள் பொத்தி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

பீற்றிஸ் தொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத நான் ரெண்டு மணித்தியாலத்தில முடிச்சுத் தருவன். வெச்சிட்டுப் போ."

றமீஸா தலையை ஆட்டினாள். "நீ முடிச்சா அது உன்ட கையாப் போயிரும். கெடுத்தது நான். எனக்குக் காட்டித் தா."

"நீ ஊசியே புடிச்சதில்லையே! வியாழக்கிழமை மனிசன் வந்திருவாரே!"

"ஓம். அதுக்குள்ள காட்டித் தா."

பீற்றிஸ் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஓர் ஊசியையும் மிச்ச நூல் பந்தொன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் றமீஸா கண்ணோடு கண் கோத்துச் சங்கிலிபோல வரும் செயின் போடத் தொடங்கினாள். நூலை ஊசியில் சுற்று, கண்ணுக்குள்ளால் இழு. மறுபடியும் சுற்று, மறுபடியும் இழு. சொல்லும்போது சுலபம். விரல் வியர்த்து நூல் இறுகியது, இறுகின கண்ணுக்குள் ஊசி போக மறுத்தது. "நூலக் கழுத்தில புடிச்சு நெரிக்காத, அது என்ன களவா எடுத்தது?" என்று பீற்றிஸ் சிரித்தாள். பின்னேரமாகும்போது ஒரு முழம் செயின் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு செயினிலும் ஊசியைக் குத்தி, நூலைச் சின்னத் தூண்போல நிமிர்த்திக் கால் ஊன்றுவதும் வந்தது.

புதிய நூலின் வெள்ளைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பீற்றிஸே வழி கண்டுபிடித்தாள். ஒரு பெரிய கோப்பையில் கடும் சாயமாகத் தேத்தண்ணி ஊற்றி, தொப்பிக்கு வேண்டிய நூலைக் கழியாகச் சுற்றி அதற்குள் அமிழ்த்தி வைத்தாள். ஆலையிலிருந்து வந்த நோபேட் களைப்போடு அந்தக் கோப்பையைத் தூக்கி வாயில் வைத்துவிட்டார்.

"என்ன இது, சீனியும் இல்ல, பாலும் இல்ல?"

"நூல் இரிக்கு" என்றாள் பீற்றிஸ். அன்று காலையிலிருந்து றமீஸா சிரித்தது அப்போதுதான்.

புதன்கிழமை வட்டம் பழகும் நாள். பீற்றிஸ் சொல்லிக் கொடுத்தாள்: "தொடக்கத்தில மூண்டு செயின் போட்டு நிமித்து. அதுதான் உன்ட முதல் கால். பிறகு ஒவ்வொரு கண்ணிலயும் ஒவ்வொரு கால் ஊண்டிக்கொண்டு சுத்தி வா. கிறுகி வந்து தொடங்கின இடத்துக்குச் சேர்ந்தவுடன மூட்டு. மூட்டிப்போட்டு மறுபடியும் மூண்டு செயின். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். றமீஸா மிச்ச நூலில் சுற்றினாள், மூட்டினாள், சுற்றினாள், மூட்டினாள். நான்கு வட்டம் முடிந்தபோது உள்ளங்கையளவு வந்திருந்தது. பெருமையோடு தூக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கிற்று. ஒவ்வொரு வட்டம் மூட்டிய இடத்திலும் ஒரு மொட்டு. மொட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தன.

பெருவிரல் தானாகவே அந்தக் கோட்டில் போனது. றபீக்காவின் தொப்பியில் இருந்த அதே கோடு.

"பீற்றிஸ்! இஞ்ச ஓடி வா!"

பீற்றிஸ் அகப்பையோடு வந்தாள். உள்ளங்கையளவு வட்டத்தையும் தொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அச்சொட்டா ஒரே பிழை. என்னகா செய்தாய் நீ? மூட்டிக் காட்டு பாப்பம்."

றமீஸா சுற்றி வந்து, முதலில் நிமிர்த்திய மூன்று செயினைத் தாண்டி, அதற்கு அடுத்த காலின் தலையில் ஊசியைக் குத்தி இழுத்தாள். நடுவில் அகப்பட்ட செயின் மடிந்து மேலே புடைத்தது.

"ஏன் அதத் தாண்டிப் போற? செயின்ட தலையிலயெல்லோ குத்தோணும்!"

"நீதானே மூட்டச் சொன்னாய்! மூட்டுறதெண்டா ஒரு கரை மத்தக் கரைக்கு மேல கொஞ்சம் ஏறி நிக்கோணும்தானே? இல்லாட்டிச் சாரம் பிரிஞ்சு போகாதா?"

டவுனில் கன்னியாஸ்திரிமாரிடம் ஊசி பழகியவளுக்கு 'மூட்டு' என்றால் சேர்த்துவிடு என்று மட்டும்தான் பொருள். சாரம் மூட்டி மூட்டிக் கை பழகிய ஓட்டமாவடிக்காரிக்கோ ஒரு கரை மறுகரையின் மேல் ஏறாமல் மூட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

"எண்டா அவவும்..." என்று பீற்றிஸ் தொடங்கினாள்.

"ஓம்" என்றாள் றமீஸா. "அவளும் சாரம் மூட்டுறமாதிரித்தான் மூட்டியிரிக்காள்."

பீற்றிஸ் தொப்பியை எடுத்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். "இஞ்ச பாரு. இப்பிடிப் பிழையா மூட்டினா வட்டத்துக்கு ஒரு கால் குறையும். அவ எண்ணிப் பாத்திரிக்கா. ஒண்டு குறையுதெண்டு கண்டு, ஒவ்வொரு வட்டத்திலயும் எங்கயோ ஒரு கண்ணில ரெண்டு கால் ஊண்டிச் சரிக்கட்டியிரிக்கா. இந்தா, இதில. இந்தா, அடுத்ததில. என்ன பிழை எண்டு தெரியல்ல, ஆனா விடவும் இல்ல பாவம்."

எட்டு மாதமாக றமீஸா மனதில் ஒரு றபீக்கா இருந்தாள். மெல்லிய விரல், பிழையே விடாத கை, எட்ட முடியாத ஒருத்தி. அந்த றபீக்கா அன்று காலை பத்து மணிக்குப் பீற்றிஸின் குசினி வாசலில் இல்லாமல் போனாள். அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். காட்டிக் கொடுக்க ஆளில்லாமல், யாரோ வைத்திருந்த தொப்பியைப் பார்த்துப் பார்த்து, விரல் வியர்த்து, ஒன்று குறைகிறதே ஏன் என்று விளங்காமல் திரும்பத் திரும்ப எண்ணியவள். தன்னைப் போல ஒருத்தி. றமீஸாவுக்கு அவள் மேல் இரக்கம் பொங்கி வந்தது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "பாவிப் புள்ள" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று பீற்றிஸ் கேட்கவில்லை.

சரியாக மூட்ட அன்று பின்னேரத்துக்குள் பழகிவிட்டாள். பீற்றிஸ் ஒரு சிவப்பு நூல் துண்டை மூன்று செயினின் தலையில் கட்டிவிட்டாள். சுற்றி வந்து சிவப்பைக் கண்டதும் அதற்குள்ளேயே ஊசியை விடவேண்டும், தாண்டக் கூடாது. அப்படி மூட்டினால் மொட்டும் இல்லை, சரிவும் இல்லை. வட்டம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தேடித்தான் பார்க்கவேண்டும்.

வியாழன் காலையில் தொப்பியைத் தொடுமுன் பீற்றிஸ் ஒரு யோசனை சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான்.

"நூல் நிறம் ஒத்துப்போச்சு. நீ அவ விட்ட பிழையையே விட்டு அஞ்சு வட்டமும் மூட்டினாயெண்டா, மொட்டும் பதினாலு வந்திரும். மனிசன் விரல வெச்சாலும் தெரியாது. ஒரு சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல."

றமீஸாவுக்கு அது சரியென்று பட்டது. வேறு என்ன வேண்டும்? எண்ணும்போது பதினான்கு வரவேண்டும், அவ்வளவுதானே. ஈர்க்குத் துண்டை மெல்ல உருவினாள். ஒன்பதாவது வட்டத்தின் கடைசிக் கண் திறந்து நின்றது. றபீக்காவின் ஊசி போன கண்ணுக்குள் அவளுடைய ஊசி போயிற்று. பிஸ்மில்லாஹ் சொல்லிப் புதிய நூலை இழுத்தாள். பழைய நூல் புதிய நூலைப் பிடித்துக்கொண்டது.

பத்தாவது வட்டத்தைச் சாரம் மூட்டுவதுபோலவே மூட்டினாள். மொட்டு வந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பெருவிரலால் தடவிப் பார்த்தாள். பத்து.

பயம் வந்தது அப்போதுதான். இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லத் தன் கைக்குத் தெரியுமா? இனிச் சாகும் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் எண்ணுவான், அவள் கதவோரம் நின்று பார்ப்பாள், ஐந்து மொட்டு பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியும். அது ஒன்று. மற்றது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை. இந்தத் தொப்பியில் அவள் கையும் இருக்கிறது. அது இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். தன்னுடைய சொந்த வீட்டில், தன்னுடைய புருசன் தலையில், தான் இல்லாமலே இருக்கவேண்டுமா?

"என்ன, இழுத்துப் பிரிக்கிறாய்!" என்று பீற்றிஸ் பதறினாள்.

"அவள்ட ஒம்பதும் அப்பிடியே இரிக்கட்டும். அதில நான் கை வைக்க மாட்டன். மிச்சம் என்ட. என்டய நான் சரியா மூட்டுறன்."

"அவர் கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்கட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனம் வேறு கணக்குப் போட்டது. அவன் கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் தொப்பியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால்? அப்படிப் பூட்டினால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள், சேர்ந்து இருக்கமாட்டார்கள். ஊசி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடைசி வட்டத்தை மூட்டி நூலை வெட்டியபோது மூன்றரை மணி. நாலரைக்கு அவன் வரும் பொலன்னறுவை பஸ்.

படலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவன் தோடம்பழத்தை நீட்டியபோது அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று பார்த்தாள், அவன் பொலன்னறுவையில் மழை பெய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உம்மா அவளைப் பார்த்தார், அவள் உம்மாவைப் பார்த்தாள், இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டைப் பார்த்தார்கள். தொப்பி பெட்டிக்குள் பழைய இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பதியுதீன் குளித்து, வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான். பெட்டி மூடி கிரீச்சிட்டது. றமீஸா கதவோரம் நின்றாள். இன்று ஒளிந்து நிற்கவில்லை, அவன் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றாள்.

இடது கையில் தொப்பியைக் கவிழ்த்தான். பெருவிரல் உச்சியிலிருந்து புறப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. உதடு அசைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வந்தது. ஒன்பது. அதற்குப் பிறகு வழவழவென்று விளிம்பு வரைக்கும் ஒன்றும் இல்லை. தொப்பியை யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இது ஆர்ட கை?"

"என்ட கை" என்றாள் றமீஸா. பெட்டியைத் திறந்ததைச் சொன்னாள், கழுவியதைச் சொன்னாள், ஆட்டைச் சொன்னாள், பாலம் கடந்து போனதைச் சொன்னாள். "உங்களிட்டக் கேக்காமக் கை வெச்சது என்ட குத்தம். ஏசுங்க மச்சான். பேசாம மட்டும் இரிக்காதீங்க."

அவன் பெட்டியை மூடி, அதன் மேல் மெல்ல உட்கார்ந்தான். தொப்பி கையில் கிடந்தது. பெருவிரல் மொட்டுகள் முடிகிற இடத்திலேயே நின்றது.

"உன்ட பக்கத்தில ஏன் புள்ள மொட்டு இல்ல?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் பீற்றிஸிட்டக் கேட்டுப் பழகினன். அவளுக்குக் காட்டிக் குடுக்க ஆள் இல்ல போல. சாரம் மூட்டுறமாதிரி மூட்டியிரிக்காள். ஒரு கரைக்கு மேல மத்தக் கரைய ஏத்தி. அதுதான் புடைச்சு வருது. நானும் முதல்ல அப்பிடித்தான் செஞ்சன்."

"சாரம் மூட்டுறமாதிரியா?"

"ஓம்."

பதியுதீன் தொப்பியைப் பார்த்தான், தான் உடுத்திருந்த சாரத்தின் மூட்டைப் பார்த்தான், மறுபடி தொப்பியைப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. தோள் குலுங்கச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடிற்று, துடைக்காமலே சிரித்தான்.

"ஒவ்வொரு வட்டம் முடிஞ்சதும் என்ட கையில கொண்டந்து தருவா" என்றான். அந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் றபீக்காவைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "'மச்சான், இந்த மொட்டு ஏன் வருது, பாத்துச் சொல்லுங்க' எண்டு கேப்பா. கருவாட்டு வியாபாரிக்கு என்ன தெரியும்? 'வடிவாத்தானே இரிக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போயிருவன். கோவிப்பா. 'நீங்க பாக்கவே இல்ல' எண்டுவா. பதினாலு தரம் கேட்டா புள்ள. பதினாலு தரமும் நான் பாக்கல்ல. அவ போன பிறகு ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ஒவ்வொண்டாப் பாக்கிறன். எனக்கு விளங்கவே இல்ல."

றமீஸா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் பெருவிரலைப் பிடித்து ஒன்பதாவது மொட்டின் மேல் வைத்தாள். "இந்தா, இது தொடங்கின இடம். இதுக்குள்ள குத்தியிரிக்கோணும். அவள் இதத் தாண்டி அடுத்ததுக்குள்ள குத்தினாள். ஒரு கண்தான் வித்தியாசம். இந்தா, இதில ரெண்டு கால் ஊண்டிச் சரிக்கட்டியிரிக்காள், தெரியுதா? நல்ல கெட்டிக்காரி."

"தெரியுது" என்றான் பதியுதீன். விரலைத் தொடர்ந்து கீழே கொண்டுபோனான். மொட்டு முடிந்து, வழவழப்பான ஐந்து வட்டத்தின் மேல் விரல் போய் விளிம்பில் நின்றது. "இது நீ."

"ஓம். இது நான்."

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டது. அவன் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு படலையைத் திறந்து போனான். தொப்பி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசி வட்டத்தில் பயத்தில் நூலை நெரித்துவிட்டாள் போலும். அதை அவன் சொல்லவில்லை, கறியில் உப்புக் கூடினாலும் சொல்லாதவனாயிற்றே.

தொழுகை முடிந்து திரும்பி வந்தவன் வழக்கம்போல் அறைக்குள் போவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போகவில்லை. நேரே குசினி வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, அவள் கையில் வைத்தான்.

"வேர்த்துப்போச்சு. கழுவிப் போடு" என்றான். இரண்டு எட்டு நடந்தவன் நின்று திரும்பினான். "முதல்ல ஆட்டக் கட்டு."

றமீஸா முதலில் ஆட்டைக் கட்டினாள்.